கூப்பிடாத இலை

காஜா பேராங்கில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பீபியிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் ‘பெலோம்’. இன்னும் இல்லை என்று அர்த்தம். சாப்பிட்டாச்சா என்றால் பெலோம். துணி காய்ந்ததா என்றால் பெலோம். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டாலும் பெலோம்தான். அப்படியென்றால் கை கழுவுவது யார் என்று நான் வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் வெற்றிலைச் சிவப்போடு சிரிப்பார். பதிலை மட்டும் மாற்ற மாட்டார்.

செட்டி வீட்டுப் பெண் அவர்; பீபி என்பது மூத்த பெண்களை அவர்கள் கூப்பிடுகிற முறை. செட்டி என்றதும் வட்டிக்கடை வைத்திருந்தவர்களை நினைத்துக்கொள்ளக் கூடாது. இவர்கள் எந்தக் காலத்திலோ மலாக்காவுக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, தமிழைத் தொலைத்து, சாமியை மட்டும் தொலைக்காமல் வைத்திருக்கிறவர்கள். சாரோங் கெபாயா கட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்கு வருவார்கள். வீட்டில் பேச்சு மலாய். அக்கா, அண்ணே என்று ஒன்றிரண்டு தமிழ்ச்சொல் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் ரப்பர் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். எனக்குத் தெரிந்த மலாய் சந்தைக்குப் போதும், சண்டைக்குப் போதாது. அதனால் பீபி சொன்னதையெல்லாம் என் தமிழில்தான் சொல்கிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். அதைத் தமிழில் சொன்னால் பீபி இல்லை.

கிளேபாங் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரத் துவானின், அதாவது துரையின், பங்களாவில் பீபி சமையல்காரியாக இருந்தார். துவான், மேம், இரண்டு நாய், ஒரு பாய்மரப் படகு. பிள்ளைகள் இல்லை. படகுதான் பிள்ளை. இரண்டு பாய்மரம் வைத்த வெள்ளைப் படகு, பங்களாவுக்கு எதிரே தண்ணீரில் ஆடிக்கொண்டே நிற்கும். கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தால் அந்த இரண்டு பேரும் அவ்வளவு பெரிய வீட்டைப் பூட்டிவிட்டுப் படகில் ஏறிவிடுவார்கள். புத்தாண்டு கழிந்துதான் இறங்குவார்கள். நல்ல நாள் அதுவுமாக வீட்டை விட்டுவிட்டுத் தண்ணீரில் போய்க் கிடக்கிற ஜனங்களை நான் அதுவரை கேள்விப்பட்டதுகூட இல்லை. அவர்களோடு சமைத்துப்போட பீபியும் போவார்.

திரும்பி வந்த பிறகு ஒரு வாரத்துக்கு எங்களுக்கு அந்தக் கதைதான். வேலியோரமாக முக்காலியைப் போட்டுக்கொண்டு பீபி சொல்லுவார். சவுக்குக் கிளையை வெட்டி வந்து பாய்மரத்தில் கட்டி, அதில் பஞ்சைப் பிய்த்து ஒட்டுவார்களாம். பனியாம் அது. வெயிலில் தோல் உரிந்துகொண்டிருக்கும்போது பனி. துவான் அரைக்கால் சட்டையோடு சிவப்புக் குல்லாய் போட்டுக்கொள்வார். மேம் தலையில் காகிதக் கிரீடம். மண்ணெண்ணெய் அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடும். சட்டியைக் கம்பியால் கட்டிவைத்துவிட்டுக் குந்தியபடியே சமைக்க வேண்டும். ஒரு வருஷம் நண்பகலில் அவர்கள் கிறிஸ்துமஸ் பலகாரமான புட்டிங்கின் மேல் பிராந்தியை ஊற்றிக் கொளுத்தினார்களாம். அந்த வெயிலில் நெருப்பு கண்ணுக்கே தெரியவில்லை. அணைந்துவிட்டது என்று நினைத்து மேம் கையை வைத்து, விரலைச் சுட்டுக்கொண்டாள். அந்தப் புட்டிங்குக்கு மாட்டுக் கொழுப்பு போட வேண்டும் என்பது மேம் சொல்லிக்கொடுத்த முறை. பீபி எந்த வருஷமும் போட்டதில்லை. நெய்யை ஊற்றிக் கிண்டிவிட்டு வாயை மூடிக்கொள்வார். ஊரிலே சாப்பிட்டதைவிட இது நன்றாக இருக்கிறது என்று மேம் மெச்சிக்கொள்வாளாம்.

பெலோம் என்பது சோம்பேறிப் பேச்சு இல்லை என்று எனக்குப் புரிந்தது அந்தப் படகுக் கதை ஒன்றில்தான். ஒரு கிறிஸ்துமஸுக்குப் படகு புலாவ் பெசார் பக்கம் நங்கூரம் போட்டிருந்தது. அந்தத் தீவில் முஸ்லிம் பெரியவர்களின் சமாதிகள் இருக்கின்றன. அங்கே பன்றிக்கறி ஆகாது என்பது மலாக்காவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர்களோ பண்டிகைக்கென்று ஒரு முழுத் தொடையைத் தகரப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தார்கள். மேம் வந்து கறி வெந்துவிட்டதா என்று கேட்டால் பீபி பெலோம் என்பார். துவான் வந்து கேட்டாலும் பெலோம். அடுப்பில் ஏற்றவே இல்லை. பண்டிகை நாளும் வந்து போய்விட்டது. அவர்கள் மீன் சம்பலைத் தின்றுகொண்டு முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். நங்கூரத்தைத் தூக்கி, தீவு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் பீபி பெட்டியைத் திறந்தார்.

பெட்டிக்குள்ளே அது இருந்ததே, அது மட்டும் பரவாயில்லையா என்று நான் மடக்கினேன்.

“பெட்டிக்குள்ள இருக்கிறவரைக்கும் அது வெறும் பொட்டலம், அடெக். அடுப்புல ஏத்தினாத்தான் கறி,” என்றார். அடெக் என்றால் தங்கச்சி.

அப்போது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். 

மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வந்த வருஷம் துவானும் மேமும் ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டத் தொடங்கினார்கள். இதுதான் கடைசிக் கிறிஸ்துமஸ், வழக்கமான தீவுகளைத் தாண்டிக் கொஞ்சம் தூரம் போகப்போகிறோம் என்றார்களாம். எவ்வளவு தூரம் என்று யாருக்கும் சொல்லவில்லை. பீபி புட்டிங்கை ஒரு மாதம் முன்பே அவித்து, துணியில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். கிளம்புவதற்குச் சில நாள் இருக்கும்போது அவருடைய மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. அம்மன் இறங்கியிருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, கறி மீன் கூடாது, வீட்டுப் பொம்பளை படி தாண்டக் கூடாது. பீபி படகுக்குப் போவது எப்படி?

மகன் இருந்தான். பத்தொன்பது வயது. சைக்கிள் கடையில் வேலை. ஆனால் அம்மா கையின் ருசி அவன் கையிலும் இருந்தது. அவனுக்கு அம்மை போட்டதில்லை என்பதால் மகளுக்குக் கண்டதுமே அவனை எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வான். என்னை அக்கா என்பான். அம்மாவுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று அவனே பங்களாத் தோட்டக்காரரிடம் மேமுக்குச் சொல்லி அனுப்பிவிட்டான். கடலையும் தீவுகளையும் பார்க்க அவனுக்கு ஆசை. வருஷா வருஷம் கதை கேட்டு வளர்ந்தவன், ஆசை வராமல் இருக்குமா?

அம்மாவும் மகனும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசினார்கள். பீபி ஜன்னலுக்கு உள்ளே, அவன் எங்கள் முருங்கை மரத்தடியில். போகட்டுமா என்று கேட்டான். பெலோம். மறுநாளும் கேட்டான். அன்றைக்கும் பெலோம். அப்பாவிடம் கேட்டான். அவர் துறைமுகச் சரக்குக் கிடங்கில் காவல்காரர், சாது. அம்மா சொன்னால் போ என்று ஒதுங்கிக்கொண்டார். புறப்படுகிற காலையில் புட்டிங் மூட்டையை அவரே வேலிக்கு மேலே மகனிடம் கொடுத்தார். ஜன்னலிலிருந்து பீபி அப்போதும் பெலோம், பெலோம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கல்லில் தோசை ஊற்றியிருந்தேன்.

“சாப்பிட்டுட்டுப் போடா,” என்றேன்.

“பெலோம் அக்கா, படகுல சாப்பிட்டுக்கிறேன்,” என்று அம்மா மாதிரியே குரலை இழுத்துச் சொல்லிக் காட்டிவிட்டு, சைக்கிளில் ஏறி ஓடிவிட்டான்.

அவ்வளவுதான். அவன் கல்லிலிருந்து எடுக்காத தோசையை நான்தான் தின்றேன்.

புத்தாண்டு வந்தது. படகு வரவில்லை. காற்றில்லாமல் எங்காவது நிற்கும் என்றார்கள். பிறகு சிங்கப்பூரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிழக்குக் கரைப் பக்கம் திரும்பியதாகச் செய்தி வந்தது. என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுபவர், நாலு ஊர் பார்த்தவர். பருவக்காற்று அடிக்கிற இந்த மாதத்தில் அந்தக் கடலில் மீன்காரனே இறங்க மாட்டான் என்று எனக்கு மட்டும் கேட்கிறபடி சொன்னார். தேடினார்கள். ஒரு மிதவை வளையம் மட்டும் கரை ஒதுங்கியது. அதில் அந்தப் படகின் பெயர் இருந்ததாம். ஆள் யாரும் ஒதுங்கவில்லை.

மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை இறக்கியாயிற்று. பீபி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அவன் படுத்திருந்த பாயை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். போகும்போது சாப்பிட்டானா என்று கேட்டார். இல்லை, படகில் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான் என்றேன். பீபி பாயைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“நான் அவனைப் போகவும் சொல்லல, அடெக். வரவும் சொல்லல,” என்றார்.

அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சில மாதம் கழித்து வெள்ளைக்காரர்கள் தேவாலயத்தில் அந்த இரண்டு பேருக்கும் பிரார்த்தனை வைத்தார்கள். துவானின் சிநேகிதர் ஒருவர் பீபிக்குச் சொல்லி அனுப்பினார். பீபி என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். கடைசி வரிசையில், அவர் வெள்ளைக் கெபாயாவிலும் நான் நூல் சேலையிலுமாக உட்கார்ந்திருந்தோம். பாதிரியார் புரியாத மொழியில் நிறையப் பேசினார். இரண்டு பெயர் மட்டும் புரிந்தது. துவான் பெயர், மேம் பெயர். மூன்றாவது பெயருக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. எல்லாரும் எழுந்தார்கள், பாடினார்கள், முடிந்துவிட்டது. என் உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பிள்ளையும் அதே தண்ணீரில்தானே போனான்? சமைத்துப்போடப் போனவன் என்றால் பெயர்கூடவா இருக்காது? கத்திவிடலாமா என்றிருந்தது.

வாசலுக்கு வந்ததும் பீபி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிரித்துக்கொண்டிருந்தார்.

“கேட்டியா, அடெக்? அவங்க ரெண்டு பேரு பேரைத்தான் சொன்னாங்க. என் மகன் பேரைச் சொல்லல. அவங்களுக்குத் தெரியும். அவன் பெலோம்.”

 மறந்துவிட்டார்கள், அவன் அவர்களுக்கு ஓர் ஆளே இல்லை என்று அந்தத் தாயிடம் எந்த வாயால் சொல்வது? 

அந்த நாளிலிருந்து அவருக்கு அதுதான் ஆதாரம். இத்தனை படித்தவர்கள் கூடியிருந்த இடத்தில் சொல்லவில்லை என்றால் சும்மாவா? டிசம்பர் வந்தால் நெய் ஊற்றிப் புட்டிங் அவிப்பார். தின்ன ஆளில்லாமல் அது உத்தரத்தில் தொங்கும். மாசிக்குப் பிறகு பூசணம் பிடித்தால் கோழிக்குப் போடுவார்.

விவகாரம் போகிப் பண்டிகையில்தான் வெடித்தது. செட்டி வீடுகளில் போகியன்று ‘பார்ச்சு’ போடுவார்கள். நம் படையல்தான் அது. செத்துப்போனவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை. சோறு, மீன், சம்பல், பலகாரம் எல்லாம் வைத்து, சாம்பிராணி போட்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். உள்ளே அவர்கள் வந்து சாப்பிடுகிறார்கள். வருஷத்தில் அந்த ஒரு வேளைச் சோறுதான் செத்தவர்களுக்கு. இலை போடாமல் விட்டால் வாசலில் நின்றுவிட்டுப் பசியோடு போய்விடுவார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு இலை போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ, நாமே அவனைச் சாவுக்கு அழைத்ததாகிவிடும்.

படகு போய் ஒரு வருஷம் கழித்து வந்த போகியன்று பீபியின் புருஷன் கொல்லையில் ஓர் இலை கூடுதலாக வெட்டிக்கொண்டு வந்தார். எதற்கென்று யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்தச் சாதுவான மனுஷன் அன்றைக்குத்தான் சத்தமாகப் பேசி நான் கேட்டேன்.

“புள்ள பசியோட வாசல்ல நிக்கிறான். எனக்குத் தெரியுது. ஒனக்குத் தெரியலையா?”

பீபி சண்டை போடவில்லை. அந்த இலையை அவர் கையிலிருந்து வாங்கிக் கழுவினார். தாத்தா பாட்டிகளின் இலை வரிசையில் விரித்தார். சோறு வைத்தார், மீன் வைத்தார். பிறகு அந்த இலைக்கு முன்னால் தானே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிசைந்து சாப்பிடத் தொடங்கிவிட்டார். பார்ச்சுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் பதறிப்போனார்கள். செத்தவர்களுக்கு முன்னால் உயிரோடு இருக்கிறவள் கை நனைப்பதா? பீபி நிமிர்ந்தே பார்க்கவில்லை. கடைசிப் பருக்கைவரை தின்று, இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார். உயிருள்ள வாய் பட்ட இலை, இனி அது சாவு இலை இல்லை. புருஷன் வெளியே வந்து எங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் பீபியின் புருஷன் கட்சி. மறைக்க என்ன இருக்கிறது? போடுங்கள் பீபி, அவன் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சாப்பிடாமல் என் வீட்டிலிருந்து போனவன்.  பீபி கோபப்பட மாட்டார். பெலோம் என்பார். பிறகு, என் தலைமாட்டில் உட்கார்ந்து பேசுவது மாதிரி மெதுவாக, நான் கூப்பிடுகிறவரை அவன் சாகவில்லை என்பார். அந்தத் தகரப்பெட்டிக் கறிக்குச் சொன்ன அதே நியாயம். 

மனுஷன் பத்து வருஷத்துக்குள் போய்ச் சேர்ந்தார். ஏக்கம்தான், வேறென்ன. அடுத்த போகிக்கு அவருக்கு இலை விழுந்தது. நான் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இருப்பதில் பெரிய இலையாகப் பார்த்து வைத்தார் பீபி. சோற்றை வைத்தார். மறுபடி வைத்தார். ஒரு மீன் வைத்தார். கையை நிறுத்தி யோசித்து, இன்னொரு மீன் வைத்தார். எண்ணெயில் பொரித்து, தலையை நீக்கியது. மகன் தலை தின்ன மாட்டான். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“அவருக்குப் பசி அதிகம்,” என்றார்.

 புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தவர், வாசலில் ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மகன் போய்விட்டான் என்று அவருக்கும் தெரியும் என்பது. ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார். எவ்வளவு பெரிய கொடுமை அது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் அப்பா இலையில் இரண்டு மீன் விழுந்தது. பிள்ளை அப்பாவோடு ஒண்டிச் சாப்பிட்டானோ, வாசலிலேயே நின்றானோ, யாருக்குத் தெரியும்.

பீபி படுக்கையில் விழுந்தபோது மகள் கல்யாணமாகி இரண்டு பிள்ளைக்குத் தாய். கிளேபாங்கில் வீடு. அம்மாவைப் பார்க்க அங்கிருந்து தினமும் வருவாள். சாவதற்கு முந்தின வாரம் மகள் துணிந்து கேட்டுவிட்டாள். உங்களுக்குப் பிறகு பார்ச்சு நான்தான் போட வேண்டும், அண்ணனுக்கு இலை போடலாமா அம்மா என்றாள். நான் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். பீபி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு அசைந்தது. என்ன சொல்ல வந்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வழக்கமான சொல்லா, இல்லை வேறெதாவதா? சத்தம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பேசவே இல்லை.

அடுத்த போகிக்கு மகள் தாத்தா பாட்டிகளின் இலை போக இன்னும் மூன்று இலை வெட்டி வந்தாள். பீபியை எரித்துச் சாம்பல் கரைத்தாயிற்று; இனித் தடுக்க ஆளில்லை. எனக்கு ஒருவிதத்தில் நெஞ்சு லேசானது. இத்தனை வருஷத்துக்குப் பிறகாவது அந்தப் பிள்ளை தன் இலையில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்றுதான் நானும் கூடமாட நின்று பரிமாறினேன். அவனுக்குத் தலை நீக்கிய மீன். நெய்யில் அவித்த புட்டிங்கும் ஒரு துண்டு. மகள் அம்மாவின் பாத்திரத்திலேயே அவித்திருந்தாள்.

சாம்பிராணி போட்டோம். தாத்தா பாட்டிகளைக் கூப்பிட்ட பிறகு மகள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் உடைந்தாலும் கூப்பிட்டுவிட்டாள். மூன்றாம் இலைக்கு வந்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். அம்மை போட்டுப் படுத்திருந்த தன்னால்தான் அண்ணன் போனான் என்பது அவளுக்குள் கிடந்திருக்கிறது. பிறகொரு நாள் என்னிடம்தான் முதலில் சொன்னாள்.

“என்னால முடியல அக்கா. நீங்க கூப்பிடுங்க. ஒங்க வீட்டுலேருந்துதானே போனான்.”

நான் இலைக்கு முன்னால் போய் நின்றேன். ஊர் முழுக்கப் பேசுகிற வாய் இது. போடு, போடு என்று ஒரு தாயை வருஷக்கணக்கில் அரித்த வாய். அவன் பெயர் இரண்டே எழுத்து. நாக்கு நுனிவரை வந்தது. முருங்கை மரத்தடியில் சைக்கிளில் ஏறினவன் முகம் எதிரே வந்து நின்றது. நான் கூப்பிட்டால் அவன் செத்துப்போவான்.

என்னாலும் முடியவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து வேலியோரம் நின்றோம். மற்ற எல்லாரையும் கூப்பிட்டாயிற்று. மூன்றாம் இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவனை யாரும் கூப்பிடவில்லை.